குப்புறப் படுத்த மேனேஜர்

கண் டாக்டர் சொன்னதையெல்லாம் மாமனார் அடக்கமாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். விழித்திரை பிய்ந்து விலகியிருக்கிறது. ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழி வைப்போம். அதுதான் விழித்திரையை அழுத்திப் பிடித்து ஒட்டவைக்கும். ஆனால் குமிழி அங்கேயே நிற்க வேண்டுமானால் குப்புறவே படுத்திருக்க வேண்டும். சாப்பிடும்போதுகூடக் குனிந்த தலை நிமிரக் கூடாது. எல்லாம் கேட்டு முடித்தவர் டாக்டரிடம் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகளிடம் திரும்பி, "அப்போ டீமை யாரும்மா பாத்துக்கறது?" என்றார்.

"எந்த டீம்?" என்றார் டாக்டர்.

"கம்ப்யூட்டர்ல பேஸ்பால் டீம் ஒண்ணு வெச்சிருக்கார், டாக்டர்," என்றாள் அவள், கூச்சத்தில் பையின் வாரைத் திருகியபடி. "நான் பாத்துக்கறேன் மாமா. முதல்ல கண்ணைப் பாருங்க."

முறைப்படி பார்த்தால் அவர் இப்போது அவளுக்கு மாமனாரே இல்லை. அவருடைய மகன் வேறொரு பெண்ணோடு வாழப் போய், விவாகரத்தும் ஆகி, எல்லாம் முடிந்துவிட்டது. தீர்ப்பு வந்த வாரம் அவள் தன் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் அறை வாசலில் வந்து நின்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனிதர். மேலிருந்து கீழே இருப்பவர்களுக்குக் கேட்க வேண்டுமென்று கத்திக் கத்தியே தொண்டை பெருத்தவர். அன்று குரலே எழும்பவில்லை. "நீ எங்கம்மா போற? வீட்டை விட்டுப் போனது அவன்தானே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவள் கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாள்.

அதன்பிறகு இருவரும் ஒரே வீட்டில் மிக மரியாதையாக வாழ்ந்தார்கள். மரியாதை கொஞ்சம் அதிகம் என்றே சொல்லலாம். சாவியை எங்கே வைத்தேன், குழாய் ஒழுகுகிறது, நாளைக்கு எனக்குக் காலை ஷிப்ட் என்பதைத் தாண்டிப் பேச்சு போனதில்லை. அவள் பஸ் டெப்போவில் டிரைவர்களுக்கு டூட்டி போடும் வேலையில் இருந்தாள். நாள் முழுக்க அத்தனை பேருடைய சண்டையையும் கெஞ்சலையும் கேட்டுவிட்டு வந்தால், வீட்டில் யாரும் எதையும் கேட்காமல் இருப்பது நிம்மதியாகத்தான் இருந்தது. அவர் தன் அறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தனக்குத்தானே திட்டிக்கொள்வார், சிரித்துக்கொள்வார். அவள் எட்டிப் பார்த்ததில்லை.

ஆபரேஷன் முடிந்து வந்ததும் அவரைக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்தாள். முகம் கட்டிலின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நெற்றிக்கு ஒரு சுருட்டிய துண்டு. அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தரையும், அவள் பாதமும், உறிஞ்சுகுழல் போட்ட காபி டம்ளரும்தான். அவள் மடிக்கணினியோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவர் தரையிடம் சொல்வதுபோல விளக்க ஆரம்பித்தார்.

இணையத்தில் நடக்கும் லீக் அது. நிஜப் பந்தும் இல்லை, மட்டையும் இல்லை. ஆட்டக்காரர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் பெற்ற பிள்ளைகள். ஆனால் அவர்களுக்கும் வயது ஏறும், தோள் வலிக்கும், ஒருநாள் ஓய்வு பெற்றுப் போய்விடுவார்கள். மேனேஜர்கள் மட்டும் நிஜ மனிதர்கள், ஆளுக்கொரு ஊரில் இருப்பவர்கள். இன்று யார் பந்து வீசுவது, யார் முதலில் மட்டை பிடிப்பது, யாரைக் கொடுத்து யாரை வாங்குவது என்றெல்லாம் மேனேஜர் முடிவு செய்து அனுப்பிவிட வேண்டும். சாயங்காலம் கம்ப்யூட்டரே ஆட்டத்தை ஆடி முடிவைப் போட்டுவிடும். அவர் அணிக்குப் பெயர் நங்கூரங்கள். ஆட்டக்காரர்களுக்கு அவர் வைத்திருந்த பெயர்களைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது. எந்தப் பந்தும் கையை விட்டு நழுவாத கேட்ச்சருக்குக் கோந்து. கண்மூடித்தனமாக ஓடும் பொடியனுக்கு அவசரம். பந்து வீசும் ஒரு பிட்ச்சருக்குக் கொட்டாவி.

முதல் நாளே அவள் சொதப்பினாள். எந்தக் கட்டத்தில் யாரைப் போடுவது என்று புரியாமல் கோந்தைப் பந்து வீச அனுப்பிவிட்டாள். எதிரணி அடி அடியென்று அடித்துத் துவைத்துவிட்டது. அவள் முடிவைப் படித்துக் காட்டினாள். கட்டிலில் அவர் முதுகு குலுங்க ஆரம்பித்தது.

"மாமா! அழறீங்களா?"

"சிரிக்கறேன்மா. கோந்து பந்து வீசினானா? அவன் தோள் என்னத்துக்கு ஆச்சோ!"

"குலுங்காதீங்க. குமிழி நகர்ந்துடப் போகுது."

அதற்கும் சிரித்தார்.

மெல்ல மெல்ல அவளுக்குப் பிடிபட்டது. நேற்று வீசியவனை இன்றும் வீசச் சொன்னால் தோள் போய்விடும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொடர்ந்து டபுள் டூட்டி பார்த்த டிரைவரை மறுநாள் மலைப்பாதைக்கு அனுப்புவாளா என்ன? ஆனால் அவசரத்தை எப்போது ஓடவிடுவது, எப்போது இழுத்துப் பிடிப்பது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரிந்தது. அவர் சொல்ல, அவள் தட்டினாள். சில நாள் ஜெயித்தார்கள். தோற்ற நாளில் இருவரும் சேர்ந்து அந்தக் கம்ப்யூட்டரை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். இடையிடையே டெப்போக் கதைகள் வந்தன, கிரேன் கதைகள் வந்தன. முகம் பார்க்காமல் பேசுவது இருவருக்குமே சுலபமாக இருந்தது.

அப்படி ஒரு சாயங்காலம்தான், ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு நெருங்கிக்கொண்டிருந்தபோது, மின்மினிகள் அணியின் மேனேஜரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'கோந்தைக் குடுங்க. பதிலுக்கு என் பிட்ச்சர் இடதுகையை எடுத்துக்கங்க. கண் எப்படி இருக்கு? லீக்ல சொன்னாங்க.'

அவள் முதல் இரண்டு வாக்கியத்தையும் சத்தமாகப் படித்தாள். மூன்றாவதில் குரல் தடுக்கியது. 'பதிலுக்கு எடுத்துக்கங்க' என்று சொல்லும் அந்தத் தோரணை அவளுக்குத் தெரியும். கணவனிடம் பதினோரு வருடம் கேட்ட பேச்சு.

"இது அவர்தானே?" என்றாள்.

"ஆமாம்மா. அவன்தான் என்னை இந்த லீக்லயே சேர்த்துவிட்டான். உங்க கல்யாணத்துக்கும் முன்னாடி."

"பேசிக்கறதே இல்லைன்னு நினைச்சேன்."

"பேசறதில்லம்மா. சத்தியமா. போன் பண்ணா எடுக்கறதில்ல. மேட்ச் மட்டும் ஆடுவோம். அதுல பேச்சு கிடையாது." அவர் குரல் தரையில் பட்டு அமுங்கிக் கேட்டது. "உனக்குப் பண்ணதுக்கு அப்புறம் நான் அவன்கிட்ட என்னன்னு பேசறது?"

அவளுக்குக் கோபம் வந்தது. ஏன் என்று அவளுக்கே சட்டெனப் புரியவில்லை. இத்தனை நாள் இந்த மனிதர் ஒரே மகனிடம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். அதுவும் அவள் பெயரால்.

"நான் கேட்கவே இல்லையே, மாமா."

"நீ கேட்க மாட்டே."

"அவர் பண்ணது தப்புதான். ஆனா அது எனக்குப் பண்ண தப்பு. உங்களுக்கு அவர் ஒண்ணும் பண்ணல. என் கோபத்தை நான் வெச்சுக்கறேன், அதை நீங்க எதுக்குத் தூக்கிச் சுமக்கறீங்க?"

அவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. ஆபரேஷன் செய்த கண்ணா மற்றதா என்று தெரியவில்லை. அவள் துண்டால் தரையைத் துடைத்தாள்.

அவர் மறுபடி ஆட்டத்துக்கு வந்தார். "அந்த மாற்றம் வேண்டாம்னு போட்டுடு. இடதுகை லீக்லயே நல்ல பிட்ச்சர். கோந்து இன்னும் ஒரு சீசன் தாங்கினா பெரிசு. இது வியாபாரமா? கிழவனுக்குக் கண் போச்சேன்னு பிச்சை போடறான்."

"பிச்சை இல்ல மாமா. மன்னிப்புக் கேட்கத் தெரியல, இப்படிக் கேட்கறார்," என்றாள் அவள். சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து அது வந்ததே அவளுக்கு உறைத்தது. "வேண்டாம்னா நியாயமா ஒரு விலை சொல்லுவோம். கோந்தோட அவசரத்தையும் சேர்த்துக் குடுக்கலாம்."

"அவசரத்தையா? என் உயிரையே கேளேன்!"

"நல்ல ஆளை வாங்கினா நல்ல ஆளைக் குடுக்கணும்."

அவர் முனகினார், பெருமூச்சு விட்டார், காபி கேட்டார், காபி ஆறிவிட்டது என்று குறை சொன்னார். கடைசியில் "அனுப்பித் தொலை" என்றார்.

பதில் உடனே வந்தது. 'அப்பா அவசரத்தைக் குடுக்கவே மாட்டாரே. யாரு இது? நீயா?'

விரல்கள் விசையின்மேல் நின்றன. எழுத நினைத்தது எத்தனையோ. கடைசியில், 'நான்தான். மாமா குப்புறப் படுத்திருக்கார். டைப் பண்ண முடியாது. ஆனா பேச முடியும்' என்று எழுதி அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அவள் அதை எடுத்து, ஒலிபெருக்கியை அழுத்தி, மாமனாரின் முகத்துக்கு நேர் கீழே தரையில் வைத்தாள். "உங்க பையன். எடுத்தாச்சு, பேசுங்க," என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் பால்கனிக்குப் போனாள்.

முதலில் இடதுகையின் தோளைப் பற்றித்தான் பேச்சு நடந்தது. பிறகு குரல் தாழ்ந்துவிட்டது. அவள் ஈரத் துணியை உதறிக் கிளிப் மாட்டிக்கொண்டே இருந்தாள். செய்தது சரிதான் என்று தெரிந்தது. ஆனாலும் அப்பாவும் மகனும் சேர்ந்துகொண்டால், இந்த வீட்டில் அவள் யார்? உறவு என்று சொல்லிக்கொள்ள என்ன மிச்சம்? மகன் ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்று கேட்டது காதில் விழுந்தது. அவள் கை அப்படியே நின்றது.

மாமனாரின் கிரேன் குரல் இப்போது முழு வீச்சில் எழும்பியது. "அது என்கிட்ட கேட்டா எப்படிடா? வீட்டுக்காரி அவ. அவகிட்ட கேட்டுத்தான் சொல்ல முடியும். அவ வேண்டாம்னா நீ வரக் கூடாது, அவ்வளவுதான். நான் போன்ல பேசிக்கறேன்."

பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்டிருக்கும். அவள் ஈரத் தலையணை உறையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவனை வரச் சொன்னாள். அன்றைக்கு டெப்போவில் டூட்டி கேட்டு வாங்கிக்கொண்டாள். "அவரை இன்னும் என்னால பார்க்க முடியாது மாமா. வந்துட்டுப் போகட்டும். சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன், உங்களுக்கு மட்டும்," என்றாள். "அவனுக்கு?" என்றார் அவர். "அவர் வாங்கிட்டு வரட்டும்." அன்று சாயங்காலம் அவள் திரும்பியபோது மாமனாரின் பின்னந்தலை முடி ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தது. குப்புறப் படுத்தவருக்கு முடி வெட்டுவது சுலபம் என்று மகனே வெட்டிவிட்டானாம். ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது.

குமிழி கரைந்து அவர் நிமிர்ந்து உட்கார்ந்தபோது அந்தக் கண்ணில் பார்வை முழுசாகத் திரும்பவில்லை. நேர்கோடெல்லாம் கொஞ்சம் வளைந்து தெரிந்தது. "பரவாயில்ல, உன் மூஞ்சி நேராத்தான் தெரியுது," என்றார். அந்த சீசனில் நங்கூரங்கள் பட்டியலில் பாதிக்கும் கீழேதான் முடித்தார்கள். இடதுகை நன்றாக வீசினான். ஆனால் ஓடுவதற்கு ஆளில்லை.

சீசன் முடிந்ததும் ஒரு மேனேஜர் விலகிப்போக, அவருடைய அணி ஆளில்லாமல் கிடந்தது. பட்டியலில் கடைசி அணி. மாமனார் அவளைக் கேட்காமலே அவள் சார்பில் விண்ணப்பித்துவிட்டார். அவள் சண்டை போட்டாள், பிறகு உட்கார்ந்து எல்லாருக்கும் புதிதாகப் பெயர் வைத்தாள். பிரேக், ஹாரன், லீவு லெட்டர். இப்போது சாயங்காலங்களில் கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர், அறையில் ஒரு கம்ப்யூட்டர். நடுவில் கதவு திறந்தே கிடக்கிறது.

"ஏம்மா, அந்த லீவு லெட்டர் நல்லா ஓடறானே. கொட்டாவியை வாங்கிட்டு அவனைத் தர்றியா?"

"கொட்டாவிக்கு வயசென்ன மாமா?"

"வயசுல என்ன இருக்கு? அனுபவம்!"

"பார்க்கலாம்," என்றாள் அவள், அவர் காதில் விழும்படி விசையைத் தட்டிக்கொண்டே.