அருவிக்காக விட்டுவைத்த கடைசிப் பக்கம்

ஆடி மாதம் முழுக்க எங்கள் தென்காசி வீட்டில் இரண்டு வாசனைகள்தான். காயாத துணி ஒன்று, ஹைப்போ ஒன்று...

ஹைப்போ என்றால் பிலிம் கழுவுகிற மருந்து. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். சாமான் அறை ஜன்னலில் கம்பளியை ஆணியடித்து மூடி, அதையே டார்க்ரூம் ஆக்கிவைத்திருந்தார். ஊறுகாய்ப் பரணிக்குப் பக்கத்தில் டெவலப்பர் பாட்டில்! என்றைக்காவது மாற்றி எடுத்தால் குடும்பத்தோடு போய்ச் சேர வேண்டியதுதான் என்று நான் கத்தாத நாள் கிடையாது.

அறுபதுகளின் தொடக்கம் அது. கல்யாணமாகி இரண்டு வருஷம், கையில் ஆறு மாதக் குழந்தை. அவருக்கோ ஒரே நினைப்புதான். நம்ம மலையைப் பற்றி ஒரு புத்தகம் போட வேண்டும். எழுத்தே இல்லாமல், வெறும் படங்களாக.

லீவு நாளில் சைக்கிளை எடுத்தால் பண்பொழி, அச்சன்புதூர், குற்றாலம் என்று சுற்றிவிட்டுப் பொழுது சாயத்தான் வருவார். சித்திரையில் கரிந்து கிடக்கிற மலை, வயல்களுக்குப் பின்னால் எட்டத்தில் தெரிகிற மலை, மேகம் இறங்கி இடுப்புவரை மறைத்த மலை... கல்யாணத்துக்கு முன்பிருந்தே சேர்த்த படங்கள்.

கூடத்தில் பாயை விரித்து எல்லாவற்றையும் பரப்புவார். இதற்கு அடுத்து இது, அதற்கு அடுத்து அது என்று மாற்றி மாற்றி வைப்பார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மலைகளைத் தாண்டித் தாண்டி அடுப்படிக்குப் போவேன்.

"ஒரு படத்துலயும் மனுசனையே காணும். ஊர்ல எல்லாரும் செத்துட்டாவளா?" என்று கேட்பேன்.

"மனுசனத்தான் தெனமும் பாக்கோமே. மலைய எவன் பாக்கான்?" என்பார்.

ஆனாலும் என்னைக் கேட்பார். "ஏட்டி, இதுல எது முன்னால வரணும்? நீ சொல்லு." நான் சொன்ன வரிசையில் வைத்த பக்கங்கள் இரண்டு இருந்தன. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

பழுப்புத்தாள் நோட்டில் படங்களை ஒட்டிப் புத்தகம் போலவே செய்துவிட்டார். கடைசிப் பக்கம் மட்டும் காலி. அங்கே ஆளே இல்லாத குற்றாலத்து மெயின் அருவி வர வேண்டுமாம்!

சாரல் சீசனில் ஆள் இல்லாத அருவியா... எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களும் குளிக்க வந்தவர்களுமாக, பாறை தெரியாமல் தலைகள்தான் தெரியும். வெள்ளம் வந்து போலீஸ்காரர் விசிலடித்து எல்லோரையும் விரட்டினால்தான் உண்டு. அப்போது வெளிச்சமும் இருக்க வேண்டும். இரண்டு சீசன் காத்திருந்தும் வாய்க்கவில்லை.

அந்த ஆடியில் வாய்த்தது. குளிக்கத் தடை என்று காலையில் பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னதும், லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினார். நனைந்த கோழியாகத் திரும்பி வந்தார்.

"ஏட்டி, கெடச்சிட்டு! ஒரு ஆள் இல்ல, அருவி மட்டும்!"

அந்த முகம்... கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை.

அன்றே கழுவிச் சாமான் அறையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். புத்தகம் போட ஒத்துக்கொண்டிருந்த மதுரை அச்சகத்துக்காரர், ஆடிக்குள் எல்லாப் படமும் கைக்கு வர வேண்டும், ஆவணி பிறந்தால் காலண்டர் வேலை வந்துவிடும் என்று கண்டிப்பாக எழுதியிருந்தார். ஆடி முடிய மூன்றே நாள்.

சாரலில் எது காயும்? மறுநாள் காலையிலும் பிலிம் பிசுபிசுவென்றுதான் இருந்தது. "சாயங்காலத்துக்குள்ள காஞ்சிட்டா பிரிண்ட் போட்டு, நாளைக்கு ரயிலுக்குப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்.

சாரல் காலத்தில் பிள்ளைத் துணியை நாங்கள் எப்படிக் காயவைப்போம்? தணல் சட்டியில் சாம்பிராணி போட்டு, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் துணியை விரிப்போம். அரைமணியில் மொடமொடவென்று ஆகிவிடும். துணி காய்கிறதே, பிலிம் காயாதா? என் புத்தி அவ்வளவுதான் போயிற்று. அவருக்கு ஒத்தாசை செய்கிற சந்தோஷத்தில் பிலிமைக் கூடைமேல் விரித்தேன்.

பாலாடை விலகுகிற மாதிரி பிலிமிலிருந்த அருவி உருகி வழுக்கிக்கொண்டு இறங்கியது. பதறி எடுத்தேன். கையில் மிஞ்சியது வெறும் கண்ணாடித் தாள்.

சாயங்காலம் அவர் படியேறும்போதே அழுதுவிட்டேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

"ஏட்டி... கையில எங்கயும் சுட்டுட்டா?"

அவ்வளவுதான். நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இருக்கிற படங்களை வைத்தே போட்டுவிடலாம் என்று அச்சகத்துக்காரர் எழுதினார். அருவி இல்லாமல் முடிக்க முடியாது என்று இவர் ஒரே பிடிவாதம். கேட்டவர்களிடம் எல்லாம், "சூடு காட்டி நானே கெடுத்துட்டேன்" என்றார். பள்ளிக்கூடத்தில் 'அருவிய அவிச்ச மாஸ்டர்' என்று பேரே வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள், இவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். நான் காபி டம்ளரோடு பக்கத்தில் நின்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். மாமியார் காதுக்குப் போய்விடுமோ என்ற பயம் முதலில். அப்புறம் அதுவே பழகிவிட்டது.

அடுத்த வருஷம் ராமநாதபுரம் பக்கம் டிரான்ஸ்பர். புத்தகப் பேச்சு அத்தோடு நின்றது. மலையை அவர் அதற்கப்புறம் படமே எடுக்கவில்லை.

இன்றைக்கு அருவியில் தடை போட்டால், ஆள் இல்லாத அருவி விடிந்ததும் என் போனுக்கே வந்துவிடுகிறது. பேத்தி ஊட்டிக்குப் போன படங்களை ஆர்டர் கொடுத்து, ஒரே வாரத்தில் புத்தகமாக வாங்கிவிட்டாள். புரட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

போன வாரம் குடும்ப குரூப்பில் அப்படி ஒரு அருவி வீடியோ. அதன் கீழே, 'தாத்தா அவிச்ச அருவி' என்று என் பேரன், சிரிக்கிற பொம்மைகளோடு.

அவித்தது தாத்தா இல்லை, நான். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அதற்கு முன் ஐம்பது வருஷம் பக்கத்திலேயே இருந்தார்... நாலு பேர் முன்னால், அவர் காதுபட, ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.