உள்ளே வைத்த உயரம்

கட்டிங் ஹாலின் வாசலில் என் வலது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் நின்றிருந்தார். அவரைப் பற்றிய என் முதல் நினைவு அதுதான். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் துணி விரிக்கும் மேஜைப் பக்கம் செருப்புடன் போகக்கூடாது, வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். அடுத்தவர் செருப்பைக் கையால் தொடுவது எங்கள் பக்கத்தில் யாரும் செய்கிற காரியமில்லை. அவர் தொட்டதோடு நிற்கவில்லை. செருப்பைத் திருப்பி, விரல் நுனிப்பகுதி மட்டும் தேய்ந்து காகிதம் போலாகியிருந்ததையும், குதிகால் பகுதி வாங்கிய அன்றைக்கு இருந்தபடியே இருந்ததையும் பெருவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அது எம்பட செருப்புங்க" என்றேன்.

"தெரியும். நேத்து நீங்க நடந்து போறதப் பாத்தேன். குதிகால் தரையிலயே படல, பாருங்க" என்று சொல்லிவிட்டு, இருந்த இடத்திலேயே அதை வைத்தார்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது வந்த போலியோவால் வலது கால் இடது காலைவிடக் குட்டையாகிவிட்டது. நுனிவிரலை ஊன்றி, உடம்பை ஒரு பக்கம் சாய்த்துத்தான் நடப்பேன். மாற்றுத்திறனாளிகள் முகாமில் கொடுத்த பூட்ஸ் ஒன்று வீட்டில் கிடந்தது. இரும்புபோல் கெட்டியான தோல். அதைப் போட்டு நடந்ததில் சுண்டுவிரல் புண்ணாகி ஆறாமல் இருந்தது. அதனால் சாதாரண ரப்பர் செருப்புக்கு மாறியிருந்தேன். தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங் பிரிவில் நாள் முழுக்க நின்று வேலை. இப்படியே நின்றால் அந்த விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். வேலையை விடுவதா, விரலை விடுவதா என்ற யோசனையில் இருந்த நாட்கள் அவை.

செருப்பைப் பார்த்தவர் கம்பெனிக்குப் புதிதாக வந்திருந்த கட்டிங் மாஸ்டர். தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர். இளவயதிலேயே ஆம்பூருக்குப் போய், ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் வெகுகாலம் இருந்தவர். அங்கே ஆர்டர் குறைந்து ஆட்களை நிறுத்தியபோது மனைவியுடன் திருப்பூர் வந்துவிட்டார். கத்தி பிடித்த கை என்பதால் துணி வெட்டும் வேலை சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. ஆனால் துணி அவருக்குச் சலிப்பாகத்தான் இருந்தது. ஒரு ரோலின் முதல் மீட்டரும் கடைசி மீட்டரும் ஒன்றுபோல் இருக்கும், நூறு அடுக்கு விரித்து ஒரே இழுப்பில் வெட்டிவிடலாம் என்பார். தோலை அப்படி அடுக்கி வெட்ட முடியாது. ஒரே மாட்டின் தோலில் முதுகை ஒட்டிய பகுதி இறுகி நிற்கும், வயிற்றுப் பகுதி இழுத்த பக்கமெல்லாம் போகும், கழுத்தில் சுருக்கம் இருக்கும். முள்வேலி கிழித்த கோடும் உண்ணி கடித்த தழும்பும் பதனிட்ட பிறகும் போகாது. ஒவ்வொரு தோலையும் தனித்தனியாகப் பார்த்து, ஷூவின் முன்பக்கம் எதிலிருந்து, நாக்கு எதிலிருந்து என்று முடிவு செய்ய வேண்டும். இதையெல்லாம் அவர் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. மதிய உணவு வேளையில், பிரிந்துபோன உறவினர்களைப் பற்றிப் பேசுகிறவர்போல் பேசிக்கொண்டிருப்பார்.

என் காலுக்கு ஷூ தைத்துத் தருவதாக அவரே சொன்னார். அதை இரக்கம் என்று சொல்ல மாட்டேன். என் முகத்தைப் பார்த்து அவர் பேசியதே குறைவு, பார்வை காலில்தான் இருக்கும். ஆம்பூரில் வெளிநாட்டுக்குப் போகிற ஷூக்களை ஆயிரக்கணக்கில் வெட்டியவருக்கு ஒரு தனிக் காலுக்கென்று வெட்டும் வாய்ப்பு கிடைத்ததில்லை. அந்த ஆசைதான் அவரை இழுத்தது. எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது. இரக்கப்படுகிறவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

அளவெடுப்பதில்தான் பிரச்சினை வந்தது. துணி வெட்ட அளவு வரையும் மார்க்கர் பேப்பரில் என் பாதத்தை வைத்து அவர் பென்சிலால் கோடு போட்டதை யாரோ பார்த்துவிட்டார்கள். கல்யாணமாகாத பெண், நடுவயது ஆண், கையில் பெண்ணின் கால். பேச்சு கிளம்ப இது போதும். ஒரு வாரத்துக்குள் அவிநாசியில் இருக்கும் என் அண்ணன் காதுவரை போய்விட்டது. இனி அந்த ஆளோடு பேசினால் வேலைக்கே போக வேண்டாம் என்றான்.

மாஸ்டரிடம் விஷயத்தைச் சொல்லி, ஷூ வேண்டாம் என்றேன். மறுநாள் மதியம் அவருடைய மனைவி கம்பெனி கேன்டீனுக்கு வந்தார். அவரும் ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்தவர்தான். அங்கேதான் இருவரும் பழகிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், என் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் ஒரு துண்டை விரித்தார்.

"காலக் குடு மா."

"எல்லாரும் பாக்கறாங்கக்கா."

"பாக்கட்டும். பாக்கத்தான் இந்த நேரத்துல வந்தேன்."

என் வலது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு டேப்பைச் சுற்றினார். பாதம், கணுக்கால், குதிகால் என்று ஒவ்வொரு அளவையும், தள்ளி நின்ற கணவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார். அவர் அங்கிருந்தே எழுதிக்கொண்டார். சுண்டுவிரல் புண்ணை ஒதுக்கி டேப்பை அவர் நகர்த்திய விதம் இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஷூ வந்தது. அடிப்பாகத்துக்கு எருமைத்தோல். மரப்பட்டைச் சாற்றில் ஊறிய தடித்த தோல், லேசில் தேயாது. மேலே முதுகுப்பகுதி மாட்டுத்தோல், ரசாயனத்தில் பதனிட்டு மிருதுவாக்கியது. உள்ளே வெள்ளாட்டுத்தோல். மெல்லியதுதான், ஆனால் கிழியாது, வியர்வையை இழுத்துக்கொள்ளும். செம்மறித்தோல் இன்னும் பூப்போல இருக்குமே என்று கேட்டேன். கையுறைக்கு ஆகும், நடக்கிற காலுக்கு ஆகாது, நாலு நாளில் தொய்ந்து கால் உள்ளே வழுக்கும் என்றார் மாஸ்டர். வலது ஷூவின் அடியில் தக்கைக்கட்டை வைத்து, அதன்மேல் தோல் போர்த்தியிருந்தார். ஒன்று உயரம், ஒன்று தாழ்வு என்பது யார் பார்த்தாலும் தெரியும். போட்டு நின்றபோது என் இரண்டு தோள்களும் ஒரே மட்டத்தில் இருந்தன. அப்படி நின்ற பழக்கம் இல்லாததால் விழுந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது.

புண் ஆறியது. வேலையை விடவில்லை. ஷூவை வாசலுக்கு வெளியிலேயே வைக்கச் சொன்னார் அம்மா. முருகன் படம் இருக்கும் ஊட்டுக்குள் தோல் வரக்கூடாது. சரி என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் ஒரு வரன் கொண்டுவந்தான். மடத்துக்குளத்தில் உரக்கடை வைத்திருக்கும் குடும்பம். சின்ன வயதில் காலில் அடிபட்டது, இப்போது சரியாகிவிட்டது என்று சொல்லிவைத்திருந்தான். வீட்டுக்கு வரச் சொல்ல முடியாது, கோயிலில் பார்க்கவும் முடியாது. இரண்டு இடத்திலும் செருப்பைக் கழற்ற வேண்டும். கம்பெனி ஆபீஸ் ரூமில் வைத்துப் பார்ப்பது என்று முடிவானது. முதலாளியிடம் அனுமதியும் வாங்கிவிட்டான்.

"அந்த மாஸ்டருகிட்டச் சொல்லி, உசரம் வெளிய தெரியாத மாதிரி ஒண்ணு தெக்கச் சொல்லு சாமி. நானென்ன உனக்குக் கெடுதலா நெனைக்கறேன்?" என்றான், பிரியம் வந்தால் மட்டும் கூப்பிடுகிற 'சாமி'யோடு. கெடுதல் நினைக்கவில்லைதான். எனக்கும் ஆசை இருந்தது. ஒருநாளாவது யாரும் காலைப் பார்க்காமல் என்னைப் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

மாஸ்டரிடம் கேட்டேன். "உள்ள உசரம் வச்சா குதிகால் மேல ஏறிரும். ஏறுன கால் நழுவாம இருக்கணும்னா கணுக்கால மூடித் தோல் நிக்கணும். மெத்துத் தோல் நிக்காது, கெட்டித் தோல்தான் போடணும். கெட்டித் தோல் கடிக்கும், பாத்துக்கிடுங்க" என்றார்.

"ஒரு நாளைக்குத்தானுங்க மாஸ்டர்."

"ஒரு நாள்னா ஒரு நாள்" என்றார்.

மரப்பட்டையில் பதனிட்ட, வளைய மறுக்கும் மாட்டுத்தோலில் கறுப்பு பூட்ஸ் வந்தது. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒரே அளவு. சேலைக் கரை மேலே இறங்கினால் வித்தியாசமே தெரியாது. அவர் தைத்ததிலேயே பார்க்க அழகானது அதுதான்.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, ஒரு மாமா. நான் காபித் தட்டுடன் ரூமின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்தேன். நடக்கும்போதே குதிகாலுக்கு மேல் தோல் அறுப்பது தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார்.

"நடையெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. ஆரோ என்னென்னமோ சொன்னாங்க. பொறவென்ன, அவிநாசி கோயலுக்குப் போய் ஒரு பூ வெச்சுப்போட்டு வந்தர்லாமுங்க."

அண்ணன் என்னைப் பார்க்காமல் சொன்னான்: "இன்னைக்கு அவ கோயலுக்கு வர முடியாதுங்க."

எதைச் சொல்கிறான் என்பது அந்த அம்மாவுக்குப் புரிந்தது. அப்படியா என்று தலையாட்டினார். எனக்குக் கோபம் வந்ததாக நினைவில்லை. ஒரு பொய்க்குத் துணையாக இன்னொரு பொய் வந்துவிட்டது. நாளைக்கு இன்னொன்று வேண்டியிருக்கும், தாலி கட்டும் அன்றைக்கு வேறொன்று. எந்த நாளில் பூட்ஸைக் கழற்றுவது என்று மட்டும் யோசித்தேன்.

"அப்படியொண்ணுமில்லீங்க, வர முடியுமுங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தேன். பூட்ஸ் லேசில் வரவில்லை. இழுத்தபோது காலுறையில் ரத்தம் ஒட்டியிருந்தது. எழுந்து நின்றேன். உடம்பு அதன் பழைய இடத்துக்குச் சாய்ந்தது.

"இதானுங்க எம்பட காலு. பாத்துப்போட்டுப் பூ வெக்கறதுன்னா வெக்கலாமுங்க."

அந்த அம்மா என் காலைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் வாசலில் திரும்பி, "வர்றனுங்க" என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வீட்டிலிருந்து பிறகு தகவல் எதுவும் வரவில்லை.

"எல்லாத்தையும் கெடுத்துப்போட்டயே" என்றான் அண்ணன். அதன்பிறகு வெகுநாள் என்னோடு பேசவில்லை.

பூட்ஸை மாஸ்டர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மனைவி என் குதிகாலைப் பார்த்து மஞ்சள் குழைக்கப் போனார். கடிக்கும் என்று தெரிந்தும் ஏன் தைத்துக் கொடுத்தீர்கள் என்று மாஸ்டரிடம் கேட்டேன். தையலைப் பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"கேட்டது நீங்கல்லா. உங்க கால், உங்க கல்யாணம். அதுல நான் என்ன சொல்லுததுக்கு இருக்கு?"

அந்தப் பதில் அப்போது கொஞ்சம் கடுமையாகப் பட்டது. பிறகு யோசித்தபோது, என் காலைப் பற்றிய முடிவை என்னிடமே விட்ட முதல் ஆள் அவர்தான் என்று தோன்றியது. அம்மா, அண்ணன், முகாம் டாக்டர், கேன்டீனில் பேசியவர்கள் எல்லோருக்கும் அதில் ஒரு கருத்து இருந்தது.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அந்த நாள்தான் காரணம் என்று அண்ணன் நினைத்தான். நான் அப்படி நினைக்கவில்லை. வந்த வரன்களில் சிலவற்றை நானே வேண்டாம் என்றேன், சிலர் என்னை வேண்டாம் என்றார்கள். செக்கிங்கில் இருந்து ஃப்ளோர் இன்சார்ஜ் ஆனேன். இப்போது என் பிரிவில் பாதிப்பேர் இந்தி பேசுகிறவர்கள், அதற்காகக் கொஞ்சம் இந்தியும் கற்றுக்கொண்டேன். மாஸ்டரும் மனைவியும் ஆம்பூருக்கே திரும்பிவிட்டார்கள். வீட்டு முன்னறையில் கால் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் தைக்கிறார்கள். நிறையப்பேர் வருகிறார்களாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள்தான் அதிகம் என்று மாஸ்டர் வீட்டு அக்கா போனில் சொன்னார். அடி தேய்ந்தால் எனக்குப் புது ஜோடி பார்சலில் வரும்.

போன தை மாதம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அவிநாசி ரோட்டில் பெரிய மண்டபம். அண்ணன் அதற்கு முன்பே பேசத் தொடங்கியிருந்தான், ஆனால் தேவைக்கு மேல் பேசுவதில்லை. மாஸ்டரையும் மனைவியையும் நான் அழைத்திருந்தேன். வந்து நடுவரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் அத்தை செய்ய வேண்டிய சடங்கு ஒன்று இருந்ததால் என்னைக் கூப்பிட்டார்கள். மேடைக்குக் கீழே குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்கப் போனேன். பட்டு வேட்டியில் அண்ணன் வேகமாக வந்தான்.

"கழட்ட வேண்டாம். அப்படியே வா."

"மேடையில சாமி வெச்சிருக்குதுங்கண்ணா. தோலு அது."

"ஆரு கேட்டாலும் நாம்பேசிக்கறேன். நீ நடந்து வா சாமி."

அவன் முகத்தைப் பார்த்தேன். உண்மையாகத்தான் சொன்னான். ஆனாலும் கழற்றினேன். மேலே அம்மா உட்கார்ந்திருந்தார், அவருக்கு அது பிடிக்காது. எனக்கும் வெறுங்காலில் நடப்பதில் இப்போது ஒன்றும் இல்லை. பிடித்துக்கொள்ள அண்ணன் தோளைக் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தான். படியேறி, கூட்டத்தின் முன்னால், சாய்ந்து சாய்ந்து நடந்தோம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் அண்ணனிடம், "ஆருங்க இது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எம்பட தங்கச்சிங்க. போலியோ வந்த காலுங்க" என்றான் அண்ணன், பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி.