மூன்றாவது சென்டர்

சிதம்பரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுப்பது என் தொழில். அண்ணாமலை நகர்ப் பக்கம் எங்கள் வீடு. மாடியில் ஷீட் போட்ட கூடத்தில் வகுப்பு நடக்கும். என் மனைவி ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. ஒரே மகள். எங்கள் மூவருக்கும் அந்த மாடி வருமானம் தாராளம். இருந்தும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இரண்டாவது சென்டர் திறந்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாலையில் கடலூர் பஸ். அதுவும் நிரம்பியதும் சேத்தியாத்தோப்பில் மூன்றாவதுக்கு ரூம் பார்த்தேன்.

அந்த நாட்களில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தாலும் வெளியே பார்க்க மாட்டேன். போனில் புது அட்மிஷன் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போவேன். வேறு டியூஷன் வாசலில் செருப்புகள் கிடந்தால் கண் தானாக எண்ணும். என் வாசலைவிட அங்கே ஜாஸ்தி என்றால் அன்று சோறு இறங்காது. ஞாயிறு ஆராதனையில் சபைக்காக உரக்க ஜெபிப்பவன் நான். என் எல்லையை விரிவாக்கும் ஆண்டவரே என்று கேட்பேன். கேட்கும்போது சேத்தியாத்தோப்பு ரூம்தான் கண்ணில் நிற்கும்.

எங்களுக்கு அடுத்த தெருவில் ஒரு பெண் புதிதாக டியூஷன் ஆரம்பித்திருந்தாள். என்னிடம் படித்தவள்தான். எம்.எஸ்சி. முடித்து, கல்யாணமாகி, கைக்குழந்தையோடு இருந்தாள். அவளைப் பற்றி விசாரித்த பெற்றோரிடம், "நல்ல பொண்ணுதான், ஆனா அனுபவம் பத்தாது" என்று சொல்லி வந்தேன். பொய் இல்லை. ஆனால் எதற்காகச் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும்.

பொதுத்தேர்வு நெருங்கிய சமயம். கடலூர் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது பாதி வாக்கியத்தில் குரல் நின்றுவிட்டது. வாய் அசைந்தது, காற்றுதான் வந்தது. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு பயந்துவிட்டார்கள். மறுநாள் காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, "குரல் நாண்ல வீக்கம். நான் சொல்ற வரைக்கும் பேசவே கூடாது. ரகசியம் பேசுற மாதிரி கூடப் பேசாதீங்க" என்றார்.

வீட்டில் அறைக்கும் வாசலுக்கும் நடந்தேன். பெற்றோர் போன் செய்துகொண்டே இருந்தார்கள். என் மனைவி பதில் சொல்லிச் சலித்துப்போனாள்.

"பரீட்சை வருது. புள்ளைங்க என்ன பண்ணும்? மாடிக்கு வர்ற புள்ளைங்களையாவது அந்தப் பொண்ணுகிட்ட அனுப்பிடலாங்க" என்றாள்.

போனில் தட்டிக் காட்டினேன்: 'போனால் திரும்பி வரமாட்டார்கள்.'

அவள் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வரலன்னா என்ன? நமக்குச் சோறு இல்லாமப் போயிடுமா?"

கோபமாக மாடிக்குப் போய்விட்டேன்.

அந்த ஞாயிறு பாட முடியவில்லை, ஜெபிக்க முடியவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். போதகர் மன்னாவைப் பற்றிப் பேசினார். வனாந்தரத்தில் காலைதோறும் வானத்திலிருந்து விழுந்த அப்பம். மறுநாளுக்கென்று சிலர் பதுக்கி வைத்தார்கள், விடிந்தபோது அதில் புழு நெளிந்தது. சிறு வயதிலிருந்து கேட்ட கதை. அன்றுதான் பதுக்கியவர்களை நினைத்துப் பார்த்தேன். அவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டவர்கள். நாளைக்கு வானம் கொடுக்காது என்ற பயம்தான் அவர்களுக்கு. அந்தப் பயத்தை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணை மூடி மனதுக்குள் ஜெபித்தேன். சத்தம் இல்லாததால் என் ஜெபம் எனக்கே கேட்டது. தாரும், தாரும் என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் மாலை அந்தப் பெண் வீட்டுக்குப் போனேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் வெளிறிப்போனாள்.

"சார், உங்க பசங்க யாரையும் நான் கூப்பிடல சார்."

அவள் என்னைப் பார்த்துப் பயந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. போனில் தட்டி நீட்டினேன்: 'என் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளம்மா.'

அவள் இரண்டு தரம் படித்தாள். "உங்களுக்குச் சரியானதும் திருப்பி அனுப்பிடணுமா சார்?"

'ஆமாம்' என்று தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன், மறுபடி அழித்தேன். வாசலிலேயே நின்றேன். கடைசியில், 'அது அவர்கள் இஷ்டம்' என்று எழுதிக் காட்டினேன். அதன் கீழே, 'உனக்கு அனுபவம் பத்தாது என்று சொன்னவன் நான்தான்' என்றும் சேர்த்தேன்.

"தெரியும் சார்" என்றாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "உள்ள வாங்க. காபி ஆத்தித் தர்றேன், தொண்டைக்குச் சூடு ஆவாது" என்றாள்.

குரல் திரும்பியது, முன்பைவிடக் கரகரப்பாக. பரீட்சையில் அவளிடம் போன பிள்ளைகள் நன்றாகவே எழுதினார்கள். அடுத்த வருடம் என் கூடம் முன்போல நிரம்பவில்லை. கடலூர் சென்டரைக் காலி செய்தேன். சேத்தியாத்தோப்பு ரூமை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நிம்மதி வரும் என்று நினைத்தேன், உடனே வரவில்லை. மாலை நேரம் சும்மா கிடந்தது, கால் சும்மா இருக்கவில்லை. இரண்டொரு நாள் பஸ் ஸ்டாண்டு வரை போய்க் கடலூர் பஸ் கிளம்புவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஆசை இன்னும் வருகிறது. வரும்போது, இன்றைக்கு வேண்டியது இருக்கிறதா என்று என்னையே கேட்கிறேன். இருக்கிறது. நாளைக்கு மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது.

இப்போதெல்லாம் வீட்டு ஜெபத்தில் நன்றி மட்டும் சொல்லிப் பழகுகிறேன். முதலில் சீக்கிரமே தீர்ந்துபோகும், அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் விழிப்பேன். நேற்று அப்படித் திணறியபோது மத்தியானம் சாப்பிட்ட மீன் குழம்பையும் சேர்த்துக்கொண்டேன். மகள் கண்ணை மூடியபடியே சிரித்தாள். என் மனைவி ஆமென் என்றாள்.