சூடு பார்த்தவன்

போடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் உதவியாளாக இருக்கிறேன். பத்தாவது ஃபெயில். வேலையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகியது. உள்ளே வருகிறவர்கள் உடம்பு குளிர்ந்துவிடாமல் காப்பது என் சோலி. போர்வைக்குள் வெதுவெதுப்பான காற்றை ஊதும் மிஷின் ஒன்று இருக்கிறது. அதன் குழாயை மாட்டிவிட வேண்டும், ஏற்றுகிற பாட்டில்களைச் சூடாக்கித் தர வேண்டும்.

"மயங்குன உடம்புக்கு நடுங்கக்கூடத் தெரியாதுண்ணே. சூடு ஜீப்புல இறங்கும், நடந்துதான் ஏறும்" என்பார் எங்கள் நர்சம்மா. யார் எது சொன்னாலும் மனசில் முடிந்து வைத்துக்கொள்வேன். இதையும் முடிந்துதான் வைத்திருந்தேன்.

ஆடி மழையில் எஸ்டேட்டிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஜீப்பில் இறங்கி வந்தார்கள். அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஏலக்காய் எடுக்கிறவள். அவன், காயை உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்காரன்.

தியேட்டர் வாசலில் அவன் என் கையைப் பிடித்தான். "அண்ணே, உள்ள இம்புட்டு ஏசி ஓடுதே! சூடு கொறஞ்சா காயில பச்சை போயிரும்னு நான் அடுப்பை விட்டு நகர மாட்டேன். இங்க யாருண்ணே சூடு பாக்குறது?"

"நான்தான் பாக்குறேன், அப்பு. நீ கவலைப்படாத."

உள்ளே குழாயை மாட்டியதும் அவள் முகம் சுளித்தாள். "அய்ய, இதைப் பிடுங்குங்கண்ணே, அவியுது! பனியில நனைஞ்சுக்கிட்டே காய் எடுக்கிறவளுக்கு உங்க ஏசி என்ன செய்யும்?"

"மலைக்காரிக்குக் குளிராதோ?" என்றேன்.

"கீழ்நாட்டுக்காரவுகளுக்குத்தான் குளிரும்."

எல்லாரும் சிரித்தோம். மலையாட்களுக்குக் குளிர் ஏறாது என்று நானும் ஊரோடு சேர்ந்து நம்பியவன். குழாயைக் கழற்றினேன். அவள் தூங்கியதும் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்துப் பாட்டில் சூடாக்கப் போய்விட்டேன்.

"போர்வை போட்டாச்சா?" என்று மயக்க டாக்டர் கேட்டபோது, "போட்டாச்சு சார்" என்றேன். போர்வை இருந்தது. காற்றுதான் இல்லை. குழாய் ஞாபகமே எனக்கு வரவில்லை.

பாதி ஆபரேஷனில் ரத்தம் நிற்கவில்லை. டாக்டர் உடம்புச் சூட்டைப் பார்த்தார். முப்பத்தேழு டிகிரி இருக்க வேண்டியது, முப்பத்து நாலுக்கும் கீழே. "சூடு இல்லாட்டி ரத்தம் உறையாதுய்யா!" என்று கத்தினார். ஓடிப்போய்க் குழாயை மாட்டினேன். அவள் பாதத்தைத் தொட்டேன். விடியற்காலைக் கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. நடுக்கம் இல்லை. நடுங்கியிருந்தாலாவது எனக்குத் தெரிந்திருக்கும்.

ரத்தம் ஏற்றி எப்படியோ முடித்தார்கள். ஆனால் தையல் ஆறவில்லை, சீழ் வைத்தது. தேனிக்கு அனுப்பினார்கள். அங்கேயே கண்ணை மூடிவிட்டாள்.

குழாயைக் கழற்றினதைச் சொன்னேன். டாக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "அது மட்டும்னு சொல்ல முடியாதுப்பா. ரத்தம் ஏற்கெனவே கம்மி." அது மட்டும் இல்லை. அதுவும்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் எனக்கு உட்கார இடமில்லை.

காரியம் முடிந்து அவள் புருஷன் ஆஸ்பத்திரிக் காகிதம் வாங்க வந்தான். மொட்டை அடித்திருந்தான். சட்டையில் விறகுப் புகை வாசம். பையிலிருந்து ஒரு பொட்டலம் ஏலக்காயை எடுத்து என் கையில் வைத்தான். நல்ல பச்சை.

"நான் உலர்த்துனதுண்ணே. அவ விதி, போயிட்டா. நீங்க உள்ள இருந்து சூடு பாத்தீங்கள்ல, அது போதும்."

குழாயைக் கழற்றினதைச் சொல்ல வாய் திறந்தேன். ஆமாம் என்று தலையைத்தான் ஆட்டினேன்.

அவன் ஜீப்பு ஏறப் போய்விட்டான்.