பனியன் கழுத்தில் தைத்த வசவு

‘பக்கர்’ என்றால் இங்கிலீஷில் கெட்டிக்காரன் என்று நம்பியிருந்தேன். நான் முன்பு வேலை பார்த்த மில்லில் இருந்த வெள்ளைக்கார இன்ஜினியர் தனக்குப் பிடித்த ஃபிட்டரைத் தோளில் தட்டி அப்படித்தான் கூப்பிடுவார். அதையே பெயராக வைத்து, என் புதுப் பனியன் கம்பெனியின் முதல் சரக்குக்குக் கழுத்து லேபிளும் தைத்துவிட்டேன்.

சரக்கெடுக்க வந்த கோயமுத்தூர் வியாபாரி ஒரு பனியனை விரல்நுனியில் தூக்கிப் பிடித்தார்.

“ஏனுங்க, இது ஆதியில வேற மதக்காரனை ஏசுன பேருங்க. அப்புறம் படுக்கையறை வசவாச்சு. இப்பக் கூட்டாளியைக் கொஞ்சறதுக்கும் ஆகுது.”

“கொஞ்சறதுதானுங்களே?” என்றேன்.

“அப்ப நீங்களே போட்டுக்குங்க.”

ஏற்கெனவே அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் நின்றேன். பிடரியில் கம்பளிப்பூச்சி ஊர்வதுபோல அருவருத்தது; “போலீஸ் வருங்களா?” என்று வேறு கேட்டுவைத்தேன்.

யாரும் வரவில்லை. எல்லா லேபிளையும் பிளேடால் பிரித்தோம். வியாபாரி பெயரில்லாமலே சரக்கை எடுத்துக்கொண்டார்.