அம்மா பின்னாத கூடை

போன வாரம் ஆபீசில் கூட வேலை பார்ப்பவரின் புது வீட்டுக்குப் போயிருந்தேன். ஷோகேஸில் பச்சையும் ரோஸுமாகச் சாயம் ஏற்றிய ஓலைக் கூடை ஒன்று. "பழவேற்காட்டுல வாங்குனது. கடைல இருந்த பொண்ணோட அம்மாவே கையால பின்னுனதாம்" என்றார். வாயில் இருந்த கேசரியை விழுங்கச் சிரமப்பட்டேன். ஒரு காலத்தில் அந்த வசனத்தைச் சொல்வதுதான் எனக்கு வேலை.

கூடையை வாங்கி முகர்ந்து பார்த்தேன். ஓலையும் சாயமும் கலந்த அதே வாசனை. பன்னிரண்டாவது முடித்துவிட்டுச் சும்மா இருந்த வருஷம், பழவேற்காடு ஏரிக்குப் போகும் ரோட்டில் ஓர் அண்ணன் வைத்திருந்த கைவினைப் பொருள் கடையில் சேர்ந்தேன். டிசம்பர் லீவு விட்டால் போதும், பூநாரை பார்க்க மெட்ராஸிலிருந்து கார் காராக வருவார்கள். பூநாரையோ தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாகத்தான் தெரியும். இவ்வளவு தூரம் வந்ததற்கு எதையாவது வாங்கிக்கொண்டாவது போவோம் என்று கடைக்குள் நுழைவார்கள். பறவைகள் கொஞ்சம் கிட்டே வந்திருந்தால் அண்ணன் கடையை மூடியிருப்பார்.

ஊருக்குள் நிஜமாகவே அழகாக ஓலை பின்னும் பெண்கள் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்ட கூலி அண்ணனுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் எங்கள் ஊர்க் கைவேலையெல்லாம் எங்கிருந்தோ மூட்டை மூட்டையாக லாரியில் வந்து இறங்கும்.

"யாரு செஞ்சதுனு கேட்டா உங்கம்மானு சொல்லு. அம்மானு சொன்னா பேரம் பேச மாட்டாங்க" என்றார் அண்ணன்.

சொன்னேன். கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் நடுவில் என் அம்மா கூடை பின்னினாள், சோழி கோத்தாள், சங்கை அறுத்துச் சாவிக்கொத்து செய்தாள். ஒருமுறை வாய் தவறி, மர யானையையும் அவளே செதுக்கியதாகச் சொல்லிவிட்டேன். அதையும் நம்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூலிங் கிளாஸைத் தலையில் ஏற்றிக்கொண்டு, கழுத்தில் கேமராவோடு ஒரு மேடம் வந்தார். "உங்கம்மா வேலை செய்யறப்ப ஒரு போட்டோ எடுக்கணுமே, கூட்டிட்டுப் போறியா?" என்றார். அண்ணன் 'போ' என்று கண்ணைக் காட்டினார். கூடையும் கையுமாகக் காரில் ஏறினேன். எங்கள் வீடு கோட்டைக்குப்பத்தில். பக்கம்தான். அன்றைக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

அம்மா வாசல் மணலில் பழைய வலையை விரித்து நெத்திலி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் காரிலிருந்து இறங்குவதைப் பார்த்துப் பதறி எழுந்தாள். "இன்னாடி, உடம்பு கிடம்பு சரியில்லியா?"

மேடம் கூடையை அவளிடம் நீட்டினார். "இதப் பின்ன எத்தன நாளாச்சும்மா?"

அம்மா கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். என் மூஞ்சியைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு.

"ரெண்டு நாளாச்சும்மா" என்றாள்.

"சூப்பர். அப்டியே பின்ற மாதிரி உக்காருங்க. ஆனா பின்னாடி அந்த மீன் வேணாமே, போட்டோல நல்லாருக்காது."

நானும் கார் டிரைவரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, வலையை மீனோடு தூரமாக இழுத்துப் போட்டோம். அம்மா, பின்னி முடித்த கூடைக்குள் விரலை விட்டுத் துழாவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரட்ட ஆளில்லாமல் காக்காக்கள் நெத்திலியில் இறங்கின. "இங்க பாத்துச் சிரிங்கம்மா" என்றார் மேடம். அம்மா சிரித்தாள். கண் மட்டும் காக்கா மேலேயே இருந்தது.

அவர் கிளம்பும்போது அம்மா நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து இரண்டு கை அள்ளி, பேப்பரில் மடித்து நீட்டினாள். "இது நானே போட்ட கருவாடும்மா. மண்ணு ஒட்டியிருக்காது."

மேடம் ஓர் அடி பின்னால் போனார். "ஐயோ, கார்ல ஸ்மெல் வரும். எனக்குக் கைவேலை மட்டும் போதும்."

ராத்திரி அம்மா திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "நான் இன்னும் இன்னா இன்னா செஞ்சிருக்கேன்? முன்னாடியே சொல்லிடுடி. அடுத்த காரு வந்தா முழிக்கக் கூடாது பாரு."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நைனா புரையேறச் சிரித்தார். யானை விஷயத்தை நான் சொல்லவே இல்லை.

மறுநாள் கடையில் ஒருவர் அதே மாதிரி ஒரு கூடையை எடுத்து, "யாரும்மா செஞ்சது?" என்றார்.

"தெரியாது சார். லாரில வந்துச்சு."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பரவால்ல, கலர் நல்லாருக்கு" என்று வாங்கிக்கொண்டே போனார். வியாபாரத்துக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் வேலை போயிற்று. "உண்மை பேசறதுக்கு வேற எடம் பாத்துக்கோ" என்றார் அண்ணன். ஏதோ மெடல் குத்திவிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் பார்க்கிறார்கள். எங்கள் வாசல் மணல் மேல் சிமெண்ட் ரோடு போட்டாயிற்று. நைனா காலமாகிவிட்டார். அம்மா என்னோடு மெட்ராஸில், அப்பார்ட்மெண்டில் இருக்கிறாள். வந்த புதிதில் மார்க்கெட்டில் நெத்திலி வாங்கி, மொட்டை மாடியில் ஒரே ஒரு தட்டில் காயப் போட்டாள். அன்று மத்தியானமே அசோசியேஷன் செக்ரட்டரி கதவைத் தட்டினார். "ஸ்மெல் வருதுனு எல்லாரும் சொல்றாங்க மேடம்."

"சாரி சார்" என்று சொல்லிவிட்டு, லிப்டுக்குக்கூடக் காத்திராமல் படியேறி ஓடி, தட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். அம்மா பாதி காய்ந்த மீனைக் கழுவிக் குழம்பில் போட்டாள். அதற்குப் பிறகு அவள் கருவாடு போடவில்லை.