சொந்த விருப்பத்தின் பேரில்

சிறை வாசலில் அந்த அக்கா ஒரு புதுச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆரணி பஜாரில் முந்தின நாள் வாங்கிய நீலச் சட்டை, குண்டூசிகூட எடுக்கவில்லை. தண்டனை முடிந்து வரும் கணவர் அதைப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏற வேண்டும் என்று அவருக்கு ஆசை. கதவு திறந்தது. பெயின்டர் அண்ணன் எங்களைப் பார்த்துச் சிரிப்பதற்குள் போலீஸ்காரர்கள் இருவர் ஆளுக்கொரு கையைப் பிடித்து, ஓரமாக நின்றிருந்த வேனில் ஏற்றிவிட்டார்கள். நான் அவருடைய வக்கீல். சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோகிறோம், அங்கிருந்து அவர் நாட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று எனக்கே அப்போதுதான் சொன்னார்கள். பெயர்தான் முகாம்; வெளியே போக முடியாத இன்னொரு சிறை அது.

அவர் நாடு என்று அவர்கள் சொன்னது மன்னாரை. ஆறு வயதில் அங்கிருந்து அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கியபடி படகேறியவர் அவர். போர்க்காலத்தில் வீட்டிலிருந்து விசாரணைக்கென்று கூட்டிப்போகப்பட்ட அவருடைய மூத்த சகோதரர் திரும்பவில்லை என்பதால்தான் அந்தப் படகே. அதன் பிறகு ஆரணிக்கு வெளியே உள்ள அகதி முகாமில் வளர்ந்தார், இங்கேதான் பள்ளிக்கூடம் போனார். முகாம்காரர்களுக்கு வேறு வேலை யார் தருவார்கள்? பிரஷ்ஷைக் கையில் எடுத்தார். பட்டுக்கடை முதலாளிகள் வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் தேடுவது அவரைத்தான். முகாமிலேயே கல்யாணம்; இரண்டு பெண் பிள்ளைகளும் ஆரணி அரசு மருத்துவமனையில் பிறந்தவர்கள். வெளிநாட்டில் பெயின்ட் வேலை என்று சொல்லி ஓர் ஏஜென்ட் கொடுத்த போலி பாஸ்போர்ட்டோடு விமான நிலையத்தில் பிடிபட்டார். குற்றம்தான். அவர் மறுக்கவில்லை, தண்டனையையும் முழுதாக அனுபவித்தார். அதற்கு மேலும் எதற்கு இன்னொரு பூட்டு என்று நான் கேட்காத அலுவலகம் இல்லை.

என் குமாஸ்தாவே சலித்துப்போனார். "இன்னா மேடம், அவரு ஊருக்குத்தான அனுப்புறாங்க? அதுக்கு ஏன் இவ்ளோ பேஜாரு பட்டுகினு கீறீங்க?" என்றார். ஊரில் பாதிப் பேர் கேட்டதும் அதையேதான். உயிரைக் காப்பது பற்றிப் பேசும் இடத்தில் நம் அரசமைப்புச் சட்டம் 'குடிமகன்' என்று எழுதவில்லை, 'எந்த நபரும்' என்றே எழுதியிருக்கிறது என்பதை எத்தனை பேருக்குத்தான் சொல்வது? இந்தியா அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லையே என்று படித்த அதிகாரிகள் பதில் சொன்னார்கள். ஆபத்துள்ள இடத்துக்கு ஒரு மனிதரைப் பிடித்துத் தள்ளக் கூடாது என்று புரிந்துகொள்ள உடன்படிக்கை வேறு வேண்டுமா?

சிறப்பு முகாமில் அவரைப் பார்க்கப் போயிருந்த ஒரு நாள், அங்கிருந்த அதிகாரி ஒரு தாளை நீட்டினார். 'சொந்த விருப்பத்தின் பேரில் நாடு திரும்புகிறேன்' என்று அதில் தட்டச்சாகியிருந்தது. அண்ணன் அதை இரண்டு முறை படித்தார்.

"என்ர விருப்பத்தை நீங்களே அடிச்சு வச்சிருக்கிறியள். என்னட்டக் கேட்டா நான் ஆரணி எண்டுதான் சொல்லுவன்."

"அப்ப இங்கியே இருங்க. எத்தன வருஷம் ஆனாலும் சரி," என்றார் அதிகாரி.

அவர் சொன்னபடியே நடந்தது. உயர் நீதிமன்றத்தில் நான் போட்ட மனு வருடக்கணக்கில் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அக்கா புடவைக்குக் குஞ்சம் கட்டும் வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு, அரை நாள் பஸ்ஸில் பிள்ளைகளோடு போய் அவரைப் பார்த்து வருவார். ஒரு முறை நானும் கூட இருந்தேன். சின்னவளை அவர் கூப்பிட்டார். அவள் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அக்கா அதைப் பார்த்தார்.

"கையெழுத்தைப் போட்டிட்டுப் போங்கோ. அங்க வெளியிலயாவது நடப்பியள். பிறகு ஏதும் வழி வரும்," என்றார்.

"அண்ணா, அவசரப்படாதீங்க. அடுத்த வாரம் கேஸ் வருது," என்றேன் நான்.

"நீங்கள் நல்லாத்தான் வாதாடுறியள், தங்கச்சி. ஆனா பூட்டு உங்களுக்கு இல்லையே," என்றார் அண்ணன்.

அவர் கையெழுத்துப் போட்டார்.

அங்கே விமானத்திலிருந்து இறங்கியதுமே அவரைக் கைது செய்தார்கள். உரிய பத்திரங்கள் இல்லாமல் நாட்டை விட்டு வெளியேறினாராம். ஆறு வயதுக் குழந்தை, தூக்கத்தில்! ஜாமீன் கிடைத்து, இப்போது தூரத்துச் சொந்தம் ஒருவர் வீட்டில் இருக்கிறார். யாரோ அடிக்கடி வந்து, ஏன் திரும்பி வந்தாய், காணாமல் போன அண்ணனைப் பற்றி என்ன தெரியும் என்று விசாரித்துவிட்டுப் போகிறார்கள். இதையெல்லாம் இங்கே முறையிட்டால் எல்லா அலுவலகத்திலும் ஒரே பதில்தான்: "அவரே எழுதிக் குடுத்துட்டுதானங்க போனாரு?" அந்த ஒரு வரியைக் காட்டி என் மனுவையும் முடித்துவைத்தார்கள்.

போன மாதம் முகாம் அலுவலகத்துக்கு அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நானும் கூடப் போனேன். புதிதாக வந்திருந்த அதிகாரி மரியாதையானவர், உட்காரச் சொன்னார்.

"உங்க வீட்டுக்காரரு அங்க தனியா கஷ்டப்பட்டுகினு இருக்காரு. நீங்களும் பசங்களோட போய்ச் சேர்ந்துட்டா நல்லதுதானம்மா?" என்று ஒரு தாளை நகர்த்தினார். அதே வாசகம். பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

அக்கா அதை முழுதும் படித்தார். அதிகாரி தந்த பேனாவை மூடி, மேஜை மேல் வைத்தார்.

"அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னது நான்தான் ஐயா. அதால எனக்குத் தெரியும், இது விருப்பம் இல்லை. அவர் திரும்பி வாறதுக்கு ஒரு தாள் இருந்தாத் தாங்கோ. இப்பவே போடுறன்."

அப்படி ஒரு தாள் கிடையாதே அம்மா என்றார் அதிகாரி, உண்மையான வருத்தத்தோடு.

அன்று மாலையே, அண்ணன் திரும்பி வருவதற்கான அந்தத் தாளை நானே எழுத உட்கார்ந்தேன். எந்தச் சட்டப் பிரிவின் கீழ் என்ற இடம் மட்டும் இன்னும் காலியாகவே இருக்கிறது.